மத்திகிரி முத்திரை

அந்தக் கடிதம் வந்ததும் நான் முதலில் செய்த காரியம் உறையைத் திருப்பிப் பார்த்ததுதான். ஒன்பதாம் வகுப்பு முப்பத்தெட்டுப் பேரும் பெஞ்சைத் தட்டி ஆரவாரம் செய்துகொண்டிருந்தார்கள். கடிதத்தைக் கொண்டுவந்த பியூன், "சார் லெட்டர் வந்திருக்குது டீச்சர்" என்று மேசையில் வைத்துவிட்டுத் தானும் கேட்கலாமென்று கதவோரமாக நின்றுகொண்டார். தென்துருவத்தில் இருக்கிற ஓர் ஆசிரியர் தம் வகுப்புக்கு எழுதிய கடிதம் அது. வேறு யாராக இருந்தாலும் பிரித்துப் படித்திருப்பார்கள். நான் அந்தப் பழுப்பு உறையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தபால் முத்திரையில் என்ன ஊர் இருக்கிறது என்று தேடினேன். பாதி அழிந்த கறுப்பு வட்டத்துக்குள் மத்திகிரி என்று இருந்தது. எங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிளை மிதித்தால் அரை மணிக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அந்த உறை இன்னும் என்னிடம் இருக்கிறது. அதோடு இன்னொன்றும் இருக்கிறது. இரண்டையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு ஐம்பது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தேன். வீடு மாறிய போதெல்லாம் அந்த டப்பாவை நானே கையில் எடுத்துக்கொண்டு போவேன், வேறு யாரிடமும் கொடுத்ததில்லை. உள்ளே என்ன நகையா என்று என் கணவர் கேலி செய்வார்.

அறுபதுகளின் கடைசி அது. இன்றைக்கு ஓசூர் என்றால் கம்பெனிப் பஸ்களும் ஷிப்ட் விட்ட கூட்டமும் எல்லை தாண்டிப் பெங்களூர் போகிற லாரி வரிசையும்தான் ஞாபகத்துக்கு வரும். அப்போது ஒரு கம்பெனியும் கிடையாது. சேலத்திலிருந்து பிரிந்த தர்மபுரி மாவட்டம் புதிது. ஏரி, சந்தை, தாலுகா ஆபீஸ், மலைமேல் கோயில், எங்கள் மிஷன் உயர்நிலைப் பள்ளி, அவ்வளவுதான் ஊர். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், வகுப்பில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைகள். போச்சம்பள்ளிப் பக்கத்துக் குடியானவர் வீட்டிலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண் நான். வயது இருபத்து நாலு. வேலை கிடைத்ததே லீவ் வேகன்சியில். சயின்ஸ் சார் ஒன்றேகால் வருஷம் விடுப்பில் போகிறார், அவர் திரும்பி வருகிற வரைக்கும் நீ பார்த்துக்கொள் என்று எடுத்தார்கள். அவர் வந்தால் நான் போக வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பட்ட சந்தேகங்களையெல்லாம் இதைத் தெரிந்துகொண்டு படித்தால்தான் என்னைச் சரியாக எடை போட முடியும்.

சயின்ஸ் சார் தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. ஆசிரியராவதற்கு முன்னால் பெங்களூரில் வானிலை பார்க்கிற ஆபீஸ் ஒன்றில் பலூன் பறக்கவிட்டு அளவு குறிக்கும் வேலையில் இருந்தவர். அங்கே அவருக்கு மேலே இருந்த ஒரு விஞ்ஞானியை வெளிநாட்டுக் குழு ஒன்று தென்துருவ ஆராய்ச்சிக்கு அழைத்திருக்கிறது. கருவிகளைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் ஒருவனைக் கூட்டிக்கொண்டு வரலாம் என்றதும், அவர் பழைய உதவியாளரை ஞாபகம் வைத்துக் கூப்பிட்டிருக்கிறார். இப்படித்தான் சார் சொன்னார். நான் அவரிடமிருந்து சாவிக்கொத்தையும் பாடத்திட்ட நோட்டையும் வாங்கிக்கொண்ட நவம்பர் மாதத்து ஒரு நாள் முழுவதும் பையன்களும் பெண்களும் அவரை விடவில்லை. பனிக்கட்டிமேல் எப்படி நடப்பீர்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்று துளைத்தெடுத்தார்கள். "எனக்கு மட்டும் என்ன தெரியும்? அங்க போயிப் பாத்துட்டு மாசாமாசம் உங்களுக்கு எழுதுறேன்" என்றார். அது சத்தியம் மாதிரி ஆகிவிட்டது.

சொன்னபடியே டிசம்பரில் பம்பாயிலிருந்து ஒரு கடிதம், ஜனவரியில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்திலிருந்து இன்னொன்று வந்தன. இரண்டாவது உறையில் பறவைப் படம் போட்ட தபால்தலை. அதற்காக வகுப்பில் சண்டையே நடந்தது. அந்தக் கடிதத்தின் கடைசியில், இனிமேல் என் கடிதங்கள் மத்திகிரியில் இருக்கும் அக்கா மூலமாக வரும் என்று ஒரு வரி இருந்தது. அக்காவின் கணவருக்கு மத்திகிரி கால்நடைப் பண்ணையில் காளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. வெளிநாட்டுத் தபால் அக்காவுக்கு வருமாம், அக்கா வேறு உறையில் போட்டு நமக்கு அனுப்புவாராம். பிப்ரவரி உறையில் முத்திரையைப் பார்த்தபோது எனக்கு இது தெரியும். தெரிந்தும் உறுத்தியது. நேராகப் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த கடிதம் எதற்காக அக்கா வீட்டைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும்? பிள்ளைகளுக்கு வேறு வருத்தம். "ஸ்டாம்பு எங்க டீச்சர்?" என்று ஒவ்வொரு மாதமும் கேட்டார்கள். அக்கா வைத்துக்கொண்டிருப்பார் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கடிதங்கள் நன்றாக இருந்தன. அதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். மார்ச்சில் வந்தது பென்குவின்களைப் பற்றி. அவை வரிசையில் நிற்கும் அழகைப் படித்தபோது வகுப்பே எழுந்து நடந்து காட்டியது. நான் வாசிக்க வாசிக்கப் பக்கத்து வகுப்பு ஜன்னலில் தலைகள் எட்டிப் பார்க்கும். எனக்குப் பெருமையும் பொறாமையும் சேர்ந்து வரும். ஏழாயிரம் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு என் வகுப்பை அவர்தான் நடத்துகிறார், நான் சும்மா வாய்தான் என்று தோன்றும்.

ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்ப நாளாகவில்லை. டிரில் மாஸ்டர் பெங்களூர் பஸ் ஸ்டாண்டில் அவரைப் போலவே ஒருவரைப் பார்த்ததாகச் சொன்னார். ஜவளகிரிக் காட்டுப் பக்கம் அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று தமிழய்யா யாரிடமோ கேள்விப்பட்டிருந்தார். மே மாதம் கடிதம் வரவில்லை. ஜூனில் பள்ளி திறந்து நாலாம் நாளே வந்துவிட்டது. "அங்கயும் கோடை லீவு விட்டுட்டாங்க போலருக்குது" என்று டிரில் மாஸ்டர் சொல்ல, அறை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அது மண்டையைக் குடைந்தது. பள்ளிக்கூடம் மூடியிருந்த மாதம் பார்த்துத் துருவத்தில் இருக்கிறவர் ஏன் எழுதாமல் இருக்க வேண்டும்?

ஜூலையில்தான் எனக்குச் சரியான பிடி கிடைத்தது. பிள்ளைகள் பத்தாம் வகுப்புக்கு வந்திருந்தார்கள். நானும் அவர்களோடு மேலே வந்திருந்தேன். சார் ஒப்படைத்துப் போன நோட்டில் பத்தாம் வகுப்புக்கான வருஷத் திட்டத்தை மாதவாரியாக அழகாகக் கட்டம் போட்டு எழுதியிருந்தார். ஜூலை, வெப்பம். ஆகஸ்ட், ஒளி. செப்டம்பர், காந்தம். ஜூலையில் வந்த கடிதம் பனிக்கட்டி உருகுவதையும் உறைவதையும் பற்றி. தற்செயல் என்று விட்டுவிட்டேன். ஆகஸ்டில் வந்தது மாதக்கணக்கில் சூரியன் வராத இருட்டைப் பற்றியும் வானத்தில் தெரியும் வண்ண ஒளிகளைப் பற்றியும். நோட்டை எடுத்து ஆகஸ்ட் கட்டத்தை மறுபடி பார்த்தேன். செப்டம்பர் கடிதத்தைப் பிள்ளைகளுக்கு முன்னால் பிரிக்காமல் ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். முதல் வரியே காந்த ஊசி. உலகத்தின் அடிவயிற்றில் இருக்கிற மனிதருக்கு எங்கள் பாடத்திட்டத்தின் வரிசைப்படிதான் இயற்கை காட்சி கொடுக்கிறதா? அந்த நிமிஷம் எனக்கு உண்டான உணர்ச்சிக்குப் பெயர் சந்தோஷம். ஒரு மனிதர் பொய்யர் என்று தெரிந்துகொண்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சனிக்கிழமையே மத்திகிரிக்குப் போனேன். பண்ணைக் குடியிருப்பில் ஓட்டு வீடு. கொடியில் ஒரு டெரிலின் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. காளை மேய்க்கிறவர் போடுகிற சட்டையில்லை. அதிலிருந்த நீலக் கோடுகளை நவம்பரில் சாவி வாங்கியபோது சார் போட்டிருந்த சட்டையில் பார்த்திருக்கிறேன். அறை ஒன்று பூட்டியிருந்தது. அக்கா ஐம்பதை நெருங்கியவர். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறி, பிறகு சுதாரித்துக்கொண்டு பாய் விரித்தார். மோர் கொடுத்தார். சார் எங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. நேராகக் கேட்டால் உஷாராகிவிடுவார் என்று, பிள்ளைகள் தபால்தலை கேட்கிறார்கள், பழைய உறைகள் இருந்தால் கொடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டதாகச் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவரே மெதுவாக ஆரம்பித்தார்.

"கடுதாசி பசங்களுக்குப் புடிக்குதுங்களா டீச்சரம்மா? அதுல என்னா எழுதியிருக்குறான்?"

அவர் கையால் அனுப்புகிற கடிதத்தில் என்ன இருக்கிறதென்று என்னிடம் கேட்கிறாரே. நான் பென்குவின், இருட்டு என்று இரண்டு மூன்று சொன்னேன். வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குளிருக்கு என்ன போட்டுக்கொள்கிறானாம், சோறு கிடைக்கிறதாமா என்று கேட்டார். என்னமாய் நடிக்கிறாள் இந்த அம்மா என்று நினைத்தேன். வெளியே வரும்போது பூட்டிய அறையின் கதவில் காதை வைக்காத குறையாக நின்றேன். உள்ளே சத்தமில்லை. ஆனால் ஆள் இருக்கிறார் என்று எனக்குள் முடிவாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை தலைமையாசிரியர் மேசையில் ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர்க் கடிதங்களை வரிசையாக வைத்து, பக்கத்தில் பாடத்திட்ட நோட்டைத் திறந்துவைத்தேன். அவர் தெற்கத்திக்காரர், கண்டிப்பானவர். ஒவ்வொன்றாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத நீங்க மட்டுந்தான் கண்டுபிடிச்சீயளா, இல்ல வேற யாரும் சொல்லித் தந்தாகளா?" என்று கேட்டார். நான் மட்டும்தான் என்று நிமிர்ந்து சொன்னேன். அன்றைக்கே தாளாளருக்கு விஷயம் போயிற்று.

அக்காவை வரச் சொன்னார்கள். பண்ணையிலிருந்து கணவரோடு வந்தார். தாளாளர், தலைமையாசிரியர், எழுத்தர், நான், நாலு பேரும் அறையில். அக்கா உட்காரவில்லை. மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை எடுத்து மேசையில் கவிழ்த்தார். ஒட்டிய மூன்று பழுப்பு உறைகள். பள்ளி முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டியிருந்தது. ஓரத்தில் பென்சிலால் அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

"மொத்தம் பத்துங்க. போறதுக்கு முந்தி என் வூட்டுல உக்காந்து ராப்பகலா எழுதினான். கப்பல் எறக்கி விட்டுட்டுப் போனா மறு வருசம் அது திரும்பி வர்ற வரைக்கும் அங்கிருந்து ஒரு கடுதாசி வராதுங்களாம். அது அவனுக்கே பெங்களூர்ல போயித்தான் தெரிஞ்சிருக்குது. பசங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேனே, மாசாமாசம் எதிர்பாப்பாங்களேக்கான்னு எழுதிக் குடுத்தான். யாருக்கும் சொல்லாத, வந்து நானே சொல்லிக்கிறேன்னான்."

தாளாளர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அக்கா நிறுத்தவில்லை. அவர் பார்வை என்மேல் இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. எட்டு மாசமா அவன் உசுரோட இருக்குறானா இல்லியான்னு தெரியாது. ஒவ்வொரு மாசமும் பொட்டியில போடும்போது, இது அவன் இப்ப எழுதுனதா இருக்கக் கூடாதான்னு நெனச்சுக்குவேன்."

கொடியில் காய்ந்த சட்டையைப் பற்றி நான் கேட்டிருக்கலாம். கேட்காமலே பிறகு தெரிந்தது. பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை தம்பியின் துணிகளை அக்கா துவைத்துப் போட்டு, மறுபடி அறையில் வைத்துப் பூட்டுவாராம்.

அந்த அறையில் இருந்த நாங்கள் மூன்று ஆசிரியர்களும் (தாளாளரும் முன்னாள் ஆசிரியர்தான்) அன்றைக்கு ஒரு விஷயத்தை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஆசிரியர் வேலையில் பாடக் குறிப்பு என்று ஒன்று உண்டு. அடுத்த வாரம் நடத்தப்போகிற பாடத்தை வெள்ளிக்கிழமைக்குள் நோட்டில் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ஆசிரியர் இந்தக் கேள்வியைக் கேட்கிறார், மாணவர் இந்தப் பதிலைச் சொல்கின்றனர், நீலத்தாள் சிவப்பாக மாறுகிறது, மாணவர் வியக்கின்றனர் என்று எல்லாம் நடந்து முடிந்ததுபோல் எழுதுவோம். அமிலம் தீர்ந்துபோய்ச் சோதனையே செய்யாத வாரத்திலும் நோட்டில் தாள் சிவந்திருக்கும், மாணவர் வியந்திருப்பார்கள். இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நன்று என்று எழுதிவிட்டுப் போவார். சார் செய்தது அதைத்தான். கைப்பழக்கம். பத்து மாதத்துக்குத் துருவத்தின் பாடக் குறிப்பை முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார், வருஷத் திட்டத்தின் வரிசைப்படி, கோடை விடுமுறையை விட்டுவிட்டு. வேறு தொழில்காரனுக்கு இந்த யோசனையே வந்திருக்காது. எங்களுக்கு அது புரிந்திருக்க வேண்டும். எனக்கு அன்றே புரிந்தது என்றுதான் நினைக்கிறேன். வாயைத் திறக்கவில்லை.

"பிள்ளைகள்ட்ட பொய் சொன்ன வாத்தியாருக்கு இங்க இடம் கிடையாது" என்றார் தலைமையாசிரியர். இவ்வளவு புனைந்தவர் துருவத்துக்குப் போனார் என்பதற்கு மட்டும் என்ன ஆதாரம் என்று தாளாளர் கேட்டார். பெங்களூருக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். யாரும் எழுதவில்லை. விடுப்பை ரத்து செய்து, அந்த இடம் காலி என்று முடிவெடுத்தார்கள். மூன்று உறைகளையும் பிரிக்காமலே கோப்பில் வைத்துக் கட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில் தலைமையாசிரியர் அறிவித்தார். இதுவரை வாசிக்கப்பட்ட கடிதங்கள் கற்பனை, அவற்றைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். வரிசையின் நடுவிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் கையைத் தூக்கினான். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பாத பையன். "சார் போனாருங்களா, போகலைங்களா?" என்று கேட்டான். தலைமையாசிரியர் என்னைப் பார்த்தார். வகுப்புக்குப் போங்கள் என்று நான் சொன்னேன்.

பிப்ரவரியில் ஒரு மதியம் பியூன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து என்னிடம் தனியாகக் கொடுத்தார். இந்த முறை உற்சாகமாக எதுவும் சொல்லவில்லை, நிற்கவுமில்லை. பறவைத் தபால்தலை. வெளிநாட்டு முத்திரை. பின்பக்கம் ஓசூர் வந்து சேர்ந்த முத்திரை. ‘பத்தாம் வகுப்பு மாணவ மாணவியர் முப்பத்தெட்டுப் பேருக்கு’ என்று சாருடைய கையெழுத்து, ஆனால் எழுத்து கோணல் மாணலாக இருந்தது. ஆய்வுக்கூடத்துக்குப் போய்ப் பிரித்தேன்.

முன்பு வந்த பத்துக் கடிதங்களையும் வெளியே எடுங்கள், சிவப்பு மைப் பேனாவையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்திருந்தார். அவையெல்லாம் நான் பார்ப்பதற்கு முன்னால் புத்தகங்களைப் படித்து எழுதியவை, இப்போது பார்த்துவிட்டேன், நீங்கள் திருத்த வேண்டும் என்றிருந்தார். பிறகு ஒவ்வொன்றாகத் திருத்தம். மார்ச் கடிதத்தில் பென்குவின்கள் அழகு என்று எழுதியிருந்தேன், அவை கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும், மத்திகிரித் தொழுவம் எவ்வளவோ தேவலை. ஜூலைக் கடிதத்தில் எங்கு பார்த்தாலும் தண்ணீர் உறைந்து கிடக்கிறது என்று எழுதினேன், ஒரு டம்ளர் குடிதண்ணீருக்குக் கட்டியை வெட்டி எண்ணெய் எரித்து உருக்க வேண்டும், ஏப்ரல் மாதத்து நம் ஊர்போல் அளந்துதான் குடித்தோம். ஆகஸ்டில் காரிருள் என்று எழுதினேன், தவறு, நடுப்பகலில் வானத்து ஓரம் சிவக்கும், நிலா வெளிச்சத்தில் வெளியே நின்று அளவு குறித்திருக்கிறேன். காந்த ஊசி விறைப்பாகத் தெற்கே நிற்கும் என்றேன், அது சோம்பேறி, தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது, பெட்டியைத் தட்டினால்தான் அசைகிறது.

கடைசித் திருத்தத்தை மட்டும் அவர் எழுதியபடியே தருகிறேன். "ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் உங்கள் எல்லாரையும் தினமும் நினைக்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதுவும் தவறு. சில நாட்கள் குளிரைத் தவிர ஒன்றையும் நினைக்க முடியவில்லை. மே மாதத்தில் ஒருநாள் முப்பத்தெட்டுப் பெயர்களையும் சொல்லிப் பார்த்தேன். நான்கு பெயர்கள் வரவில்லை. திரும்பும் கப்பலில்தான் அவை ஞாபகம் வந்தன. அந்த நான்கு பேர் யாரென்று சொல்ல மாட்டேன். எல்லாரும் மன்னித்துவிடுங்கள்."

படித்து முடித்து அழுதேன். அழுதுவிட்டுக் கடிதத்தை மடித்து உறையில் போட்டுக் கைப்பைக்குள் வைத்தேன். அடுத்த மணி பத்தாம் வகுப்புதான். வாசித்திருக்கலாம். என்னை நிரந்தரமாக்கும் உத்தரவு மாவட்டக் கல்வி அலுவலர் மேசையில் இருந்தது. இன்னும் கையெழுத்தாகவில்லை. இந்தக் கடிதத்தை வாசித்தால் பிள்ளைகள் மூலமாகத் தாளாளர் காதுக்குப் போகும். போனது நிஜம், வந்து உண்மையைச் சொல்லப்போகிறார் என்பதும் நிஜம் என்று தெரிந்தால் காலி என்று அறிவித்த இடம் காலியில்லை என்றாகிவிடும். என் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பம் இருந்தது என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் அதைவிட, கண்டுபிடித்தவள் என்கிற பெயரை விட எனக்கு மனமில்லை. அன்றைக்கு வகுப்பில் மின்சாரம் நடத்தினேன்.

மார்ச்சில் அவர் வந்தார். தலைமையாசிரியர் அறையிலிருந்து அவர் வெளியே வந்தபோது நான் வராந்தாவில் இருந்தேன். மூக்கும் கன்னமும் கருத்துத் தோலுரிந்து ஆறியிருந்தன. வலது கையில் இரண்டு விரல்களின் நுனி இல்லை. அந்தக் கோணல் எழுத்துக்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. அந்த விரல்களைப் பார்த்தாவது உள்ளே நம்பியிருப்பார்கள் என்று நினைத்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. கோபமாக இருப்பார், என்னை ஏதாவது கேட்பார் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"கடைசியா ஒரு லெட்டர் போட்டிருந்தேன், பசங்களுக்கு. வந்துச்சுங்களா?"

"வரலைங்க சார்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "கப்பல் தபால். தவறியிருக்கும்" என்றார். பத்தாம் வகுப்பு இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். ஜன்னலில் இரண்டு மூன்று தலைகள் தெரிந்தன. அங்கே போக அவருக்கு அனுமதி இல்லை போலிருக்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெங்களூரில் பழைய ஆபீஸிலேயே சேர்ந்தார் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அக்காவின் கணவர் பண்ணை வேலையை விட்டதும் அவர்கள் இருவரையும் அங்கேயே அழைத்துக்கொண்டாராம். பல வருஷம் கழித்து அவர் இறந்த செய்தி வந்தது. நான் அதே பள்ளியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றேன். எத்தனையோ ஆயிரம் பாடக் குறிப்புகளில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றைக்கூட உண்மையா என்று கேட்டதில்லை.

போன டிசம்பரில் அந்த வகுப்புப் பிள்ளைகள் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். பிள்ளைகள் என்கிறேன், எல்லாருக்கும் எழுபது. பாதிப்பேர் கம்பெனிகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். என்னைக் காரில் வந்து அழைத்துப் போனார்கள், சால்வை போர்த்தினார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு பழங்கதை ஓடியபோது ஒருத்தி சிரித்துக்கொண்டே, "நம்ம துருவத்து சாரு ஞாபகம் இருக்குதா? மத்திகிரியில உக்காந்துகிட்டுக் கதை வுட்டாரே" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டிரில் மாஸ்டரின் கேலிக்கு அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பு என் காதில் விழுந்தது. வணக்கக் கூட்டத்தில் கையைத் தூக்கியவனும் இருந்தான். ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனையில் முப்பது வருஷம் இருந்தவன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியலைங்க டீச்சர். அவரு போனாருங்களா, போகலைங்களா?" என்றான்.

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதானோ என்னவோ, டப்பாவைக் கொண்டுபோயிருந்தேன். இரண்டாவது உறையை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்து, பறவை ஸ்டாம்பு, பறவை ஸ்டாம்பு என்று சின்னப்பிள்ளைகள் மாதிரி தொட்டுப் பார்த்தார்கள். அவன் கடிதத்தை வெளியே எடுக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, உறையைத் திருப்பி, ஜன்னல் பக்கம் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். ஓசூர் முத்திரையின் தேதியைப் படித்தான். விரல்களை மடித்து மாதம் எண்ணினான்.

"இது சாரு திரும்பி வர்றதுக்கு முந்தியே வந்திருக்குதுங்களே டீச்சர்."

"ஆமாம்ப்பா. வந்துச்சு. அவர் என்னைக் கேட்டார். வரலைன்னு சொல்லிட்டேன்."

படியுங்கள் என்று சொல்வான், முப்பத்தெட்டுப் பேரில் மிச்சமிருக்கிறவர்களுக்காவது வாசித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். அவன் உறையைக் கொடுக்கவில்லை. என் முகத்தை ஒருமுறை பார்த்தான். பிறகு அதை மறுபடியும் திருப்பி, முத்திரையை இன்னொரு தடவை பார்த்தான்.